யங் இந்தியா தட்டுகளைத் தேடி

பம்பாயில் 1935 முதல் 1955 வரை ‘யங் இந்தியா’ என்றொரு இசைத்தட்டு லேபிள் இருந்தது. எச்.எம்.வி. நாயைத் தெரியாதவர் கிடையாது; இந்தப் பெயரைச் சொன்னால் பழைய மும்பைக்காரர்களே உதட்டைப் பிதுக்குகிறார்கள். நேஷனல் கிராமபோன் ரெக்கார்டு மேனுஃபாக்சரிங் கம்பெனி என்பது நிறுவனத்தின் முழுப்பெயர். ஆலை வடாலாவில். நான் குடியிருக்கும் மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம். இவ்வளவு பக்கத்தில் நடந்த ஒரு தொழில் எப்படி இப்படித் தடமில்லாமல் போனது என்ற குறுகுறுப்பில்தான் தேட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்துச் சின்ன லேபிள்கள் பல எச்.எம்.வி.யின் கல்கத்தா டம்டம் ஆலையில் தட்டு அடித்து வாங்கிக்கொண்டன. அவை மூடிப்போனாலும் பெரிய கம்பெனியின் காகிதங்களில் ஏதாவது மிஞ்ச வாய்ப்புண்டு. யங் இந்தியா சொந்த ஆலை வைத்திருந்தது. கெத்தான விஷயம்தான், ஆனால் ஆராய்கிறவனுக்குத் தலைவலி: கம்பெனி போனதோடு பேரேடும் போயிற்று. பாடியவர்கள் வழியாகப் போகலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. பெயர்பெற்ற வித்வான்களைப் பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்ததால், இவர்கள் வளரும் கலைஞர்களையும் தொழில்முறையில் பாடாதவர்களையும்தான் அதிகம் பதிவு செய்தார்கள். பத்திரிகைகளில் தேடினால் பாதிப் பெயர்கள் அகப்படாது.

ஆகவே தட்டையே ஆவணமாகப் படிக்க வேண்டியிருந்தது. சோர் பஜார் மட்டன் தெருவில் தட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கியதும் வீட்டில் முதல் வேலை, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் நடுவில் ஒட்டிய காகித லேபிளில் ஈரம் படாமல் துடைப்பது. ஸ்பிரிட் கூடவே கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத் தட்டு அரக்கும் கல்தூளும் கலந்தது. மர பாலிஷ் போடுகிறவர் அரக்கைக் கரைக்க ஊற்றுவது அதே ஸ்பிரிட்தானே, ஊசி ஓடும் வரி மழுங்கிவிடும்.

காய்ந்தபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டை மெல்லச் சாய்த்தால், வரி முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள வழவழப்பான இடத்தில் சில எழுத்துகளும் எண்களும் நிழல் கட்டி எழும்பும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். லேபிளில் அச்சிட்ட எண் கடைக்காரருக்கு. எந்தப் பாட்டை எப்போது விற்பது என்பது வியாபாரிகள் முடிவு. மேட்ரிக்ஸ் எண், பாட்டு பதிவானபோது விழுந்தது. கிடைத்த தட்டுகளுக்கு நான் போட்டுவந்த அட்டவணையை லேபிள் எண் வரிசையில் போட்டால் காலம் முன்பின்னாகக் குழம்பும்; மேட்ரிக்ஸ் வரிசையில் போட்டால் ஒரே அமர்வில் பாடியவை அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். ஆண்டு தெரிய, இடையிடையே சினிமாப் பாட்டுத் தட்டுகளை நங்கூரமாக வைத்துக்கொண்டேன். படம் வந்த ஆண்டு தெரிந்தால் அதற்கு முன்பின் எண்களுக்கும் உத்தேசமாக ஒரு காலம் சொல்லலாம். உத்தேசம்தான். பென்சிலில்தான் எழுதினேன்.

அந்த நிறுவனத்தின் பதிவு ஆவணங்களைத் தேடி ஒரு அரசு அலுவலகத்தில் காத்துக் கிடந்ததைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

உண்மையில் கைகொடுத்தவர்கள் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள். மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும் அதன் ‘ரெக்கார்டு நியூஸ்’ இதழும் இல்லையென்றால் நான் இன்னும் தெருத்தெருவாகத்தான் அலைந்திருப்பேன். சங்கத்தின் சுரேஷ் சாந்த்வன்கர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு இந்த லேபிளின் தட்டுகளையும் உறைகளையும் விற்பனைப் பட்டியல்களையும் மின்பதிவு செய்திருக்கிறார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது. பட்டியலில் இருக்கும் தட்டு கடையில் இல்லை, கடையில் இருப்பது பட்டியலில் இல்லை என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தனிச் சுகம் உண்டு.

என் அட்டவணையில் இன்னும் நிறைய வரிகள் காலி. யார் வீட்டுப் பரணிலாவது யங் இந்தியா தட்டு இருந்தால், லேபிளை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வழவழப்பான வளையத்தையும் சேர்த்து எடுங்கள், இரண்டு பக்கமும்.