இனாரி ஏரியின் மேல் கொதித்த எஞ்சின்

பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் இனாரி ஏரியைப் பார்க்க ஏப்ரல் மாதம்தான் சிறந்தது என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். டிசம்பரில் அங்கே சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. பிப்ரவரியில் குளிர் எலும்பைத் துளைக்கும். ஏப்ரலிலோ ஏரி கல்லாக உறைந்திருக்கும், வெயில் மட்டும் தாராளமாகக் காயும். 1,040 சதுர கிலோமீட்டர் பரப்பு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். கோடையில் படகில் சுற்ற வேண்டிய அத்தனை இடங்களுக்கும் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் நேர்கோட்டில் போய்விடலாம். ஆனால் மனிதர்களுக்கு உகந்த அந்த மாதம், ஸ்னோமொபைலின் எஞ்சினுக்குச் சோதனைக் காலம். வெளியே உறைநிலைக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி இருக்கும்போது ஒரு எஞ்சின் கொதிக்கும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

நானும் தம்பியும் ஒரே வண்டியில். முன்னால் வழிகாட்டியின் வண்டி. அவர் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, அங்கத்திய பூர்வகுடிகளான சாமி மக்களில், கலைமான் மேய்க்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர். வண்டியை வாடகைக்கு விட்ட இடத்தில் ஹெல்மெட், பிரேக், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர், கீழே விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு எல்லாவற்றையும் விளக்கினார்கள். நிலத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர், உறைந்த ஏரியில் 80 கிலோமீட்டர் என்ற சட்ட வரம்பையும் சொன்னார்கள். வெப்பநிலையைக் காட்டும் எண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரையோரக் காட்டுவழியில் வண்டி சுகமாக ஓடியது. பைன் மரங்களின் நிழலில் பனி இன்னும் மென்மையாகவே இருந்தது. எஞ்சின் வெப்பம் 60 டிகிரியை ஒட்டியே நின்றது. பிறகு ஏரியில் இறங்கினோம்.

ஏரியின் முகம் வேறு. பகல் வெயிலில் மேற்பனி இளகுகிறது, இரவுக் குளிரில் மறுபடி இறுகுகிறது. இப்படி நாள்தோறும் உருகி உறைந்து, பனியின் மேல் ஓடுபோல ஒரு கெட்டிப் படலம் உருவாகிவிடுகிறது. அதன் மேல் ஆள் நடந்தால் கால் புதையாது. திறந்த வெளிகளில் காற்று மிச்சமிருந்த பொடிப்பனியையும் வாரிக்கொண்டு போய்விட்டதால் சாம்பல் நிறத்தில் பனிக்கட்டியே தெரிந்தது. வண்டி பறந்தது. இத்தனை வேகமும் இத்தனை வெளியும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். எங்கள் இருவருக்கும் கூவ வேண்டும் போல இருந்தது.

அந்த எண் 70ஐத் தாண்டியது. 80. சிறிது நேரத்தில் 90. பின்னாலிருந்து தம்பி என் தோளைத் தட்டினான்.

"அக்கா, ஏதோ பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வருகிறது."

வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்தினேன். 97 என்று காட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைத்தேன். வழிகாட்டி திரும்பி வந்து இறங்கியதும் முதலில் குனிந்து மோந்து பார்த்தார்.

"கூலன்ட் வாசனை இல்லை. நல்லது."

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்தால் ஒருவிதத் தித்திப்பு வாசனை வருமாம். அந்த வாசனை இருந்தால் குழாயோ பம்போ பழுது, அங்கேயே பயணம் முடிந்தது. அது இல்லையென்றால் பெரும்பாலும் வண்டிக்குப் பனி கிடைக்கவில்லை என்று பொருள். பிறகு அவர் பனிக்கட்டியின் மேல் மல்லாந்து படுத்து, வண்டியின் பின்பகுதிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தார். என்னையும் படுத்துப் பார்க்கச் சொன்னார்.

சக்கரத்துக்குப் பதிலாக வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை சுழலும் இடத்துக்கு மேலே, இருக்கையின் நீளத்துக்கு ஓர் அலுமினியக் கூடு. அதன் உட்கூரையில் வரிவரியான விளிம்புகளோடு பட்டையான அலுமினியக் குழல்கள் ஓடுகின்றன. எஞ்சினிலிருந்து சூடாக வரும் கூலன்ட் அவற்றின் வழியே போய், ஆறித் திரும்புகிறது. காட்டுவழியில் நிறுத்தியிருந்தால் அந்தக் கூரை முழுவதும் பனி அப்பி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். இப்போது சொட்டு ஈரம் இல்லை. உலோகம் காய்ந்து, வெறுமையாக மினுங்கியது. கையுறையைக் கழற்றி விரலை அருகில் கொண்டுபோனேன். தொடாமலே சுட்டது.

கார் ரேடியேட்டருக்குக் காற்று போதும். இந்த வகை ஸ்னோமொபைலுக்குக் காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது மட்டும் போதாது. ஓடும் பட்டை பனியை வாரி மேலே வீச வேண்டும், அந்தப் பனி குழல்களின் மேல் விழுந்து உருக வேண்டும், உருகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு வழிய வேண்டும். காய்ச்சல்காரரின் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்ற ஏற்பாடு இது. துணி காய்ந்தால் காய்ச்சல் ஏறும். பனிக்கு இந்த வேலையில் இருக்கும் வல்லமை சாதாரணமானதல்ல. ஒரு கிலோ பனி உருகி நீராக மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏறக்குறைய 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். அதனால்தான் கனத்த ரேடியேட்டர் எதுவும் இல்லாமலே இந்த வண்டிகள் இவ்வளவு இலகுவாக இருக்கின்றன. வழியெல்லாம் பனி இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட இயந்திரம். கெட்டிப்பட்ட ஏரியின் மேல் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது.

கருகிய வாசனை எஞ்சினிலிருந்து வந்ததே அல்ல. பட்டையின் உட்பக்கம் இரண்டு நீண்ட தண்டவாளங்கள் உண்டு. அவற்றின் அடியில் பொருத்திய பிளாஸ்டிக் நழுவுபட்டைகளின் மேல்தான் ரப்பர் பட்டை வழுக்கி ஓடுகிறது. அதற்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. அங்கேயும் மசகு பனிதான். பனி கிடைக்காதபோது உராய்வில் அந்தப் பிளாஸ்டிக் இளகத் தொடங்குகிறது. எஞ்சின் சூட்டை எண் சொல்லும். இதை மூக்குதான் சொல்ல வேண்டும். அன்று தம்பியின் மூக்கு சிவப்பு விளக்கை முந்திக்கொண்டது.

தம்பி வண்டியின் முன்மூடியைத் திறக்கப் போனான். வழிகாட்டி அவனைச் சட்டென்று தடுத்தார். சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திருகினால், அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சின் மேல் நேரடியாகப் பனியை வாரிக் கொட்டுவதும் கூடாது, சூடான உலோகம் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடலாம். குளிர வைக்க வேண்டியது குழல்களை மட்டுமே.

பனி எங்கே? ஒரு சிறு தீவின் காற்று படாத ஓரத்தில் வெண்மையாக ஒரு குவியல் தெரிந்தது. அவருடைய இழுவண்டியிலிருந்து மண்வெட்டியையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். தார்ப்பாயில் பனியை வாரி இழுத்து வந்து, ரப்பர் பட்டைக்கும் கூரைக்கும் இடையிலிருந்த இடைவெளியில் கையால் திணித்தோம். முதல் பிடி பனி உலோகத்தில் பட்டதும் சுரீரென்று ஒலித்து ஆவி கிளம்பியது. இரண்டாவது பிடிக்கு ஒலி குறைந்தது. பிறகு தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. கால்வைக்கும் பலகையின் விளிம்பில் இறங்கிய சொட்டுகள் அங்கேயே உறைந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நீளத்துக்குக் கூரான பனி ஊசிகளாக நீண்டன. எஞ்சின் ஓடாதபோது கூலன்ட் சுழலாது என்பதால், சற்று ஆறியதும் சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடி அணைத்துப் பனி திணித்தோம். ஓடும்போது கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே விடவில்லை அவர். எண் 65க்கு இறங்கியது.

காரணத்தை அவர் பிறகு காட்டினார். தண்டவாளங்களின் பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் ஒரு வில்லெஃகுக் கம்பி இருக்க வேண்டும். தாழ்த்திவிட்டால் அதன் நுனி பனிக்கட்டியைக் கீறிக்கொண்டே வரும். கீறலில் பறக்கும் தூள் பட்டைக்குள் போய், அங்கிருந்து கூரைக்குப் போகும். கெட்டித் தரைக்கென்றே செய்யப்பட்ட எளிய உபாயம் இது. எங்கள் வண்டியில் வலப்பக்கக் கம்பி கொக்கியில் மாட்டியபடியே கிடந்தது. இடப்பக்கத்தில் அடித்துண்டு மட்டும் மிச்சம். கம்பியைத் தாழ்த்தியபடி யாரோ பின்னோக்கி ஓட்டியிருக்க வேண்டும் என்றார், சில வகைக் கம்பிகள் அப்படித்தான் முறியுமாம். வாடகைக்காரர்கள் புறப்படும் முன் பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அக்கம் பக்கம் யாரும் இல்லாத ஏரியின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், குளிரில் காத்திருப்பது வாடகைக்கு எடுத்தவர்தான்.

வலப்பக்கக் கம்பியைத் தாழ்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஒற்றைக் கம்பியால் பாதித் தேவைதான் தீரும். மீதிக்கு ஏரியைப் படிக்க வேண்டியிருந்தது. வழிகாட்டி எப்படி ஓட்டுகிறார் என்று கவனித்தேன். திறந்த வெளியில் சீரான மிதவேகம். தீவு நெருங்கும்போதெல்லாம் அதன் மறைவுப் பக்கத்துக்கு வளைந்து, தேங்கிய பொடிப்பனிக்குள் வண்டியை ஓடவிட்டுத் திரும்பினார். நானும் அவர் தடத்துக்குப் பக்கத்தில், கலையாத பனியில் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் எண் பத்துப் பதினைந்து டிகிரி சரிந்ததைக் காண அத்தனை நிம்மதி.

ஆனால் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் தோழன் அல்ல. கனத்த பனியின் பாரத்தில் ஏரியின் பனிக்கட்டி அமிழ்ந்து, விரிசல் வழியே தண்ணீர் மேலேறிப் பனிக்கு அடியில் சேறாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதில் இறங்கிய வண்டி புதைந்துவிடும், பட்டையில் ஏறிய ஈரம், வண்டி நின்ற சில நிமிடங்களில் உறைந்து இறுகிவிடும். ஆற்று வாய்களின் பக்கமும் ஒடுக்கமான நீரோட்டங்களின் பக்கமும் அவர் ஒருபோதும் போகவில்லை. கரை ஏறி மரங்களுக்கிடையே போகலாமே என்றால், நிலத்தில் வழித்தடத்தைவிட்டு இறங்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். குளிர வைக்கும் பனியைத் தேடுவதற்கு இடமறிந்தவர் ஒருவர் முன்னால் வேண்டும் என்பது எனக்கு அங்கே உறுதிப்பட்டது.

மதியத்துக்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. வெயில் ஏறி வெப்பம் பூஜ்ஜியத்தைத் தாண்டியது. மேலங்கியைத் திறந்துவிட்டு ஓட்டினோம். காலையில் கல்லாக இருந்த மேற்படலம் இளகி, பட்டை அதைக் கொத்திக் கொத்தி வீசியது. எஞ்சின் 60க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. கடுங்குளிர்க் காலையில் கொதித்த வண்டி, இளஞ்சூட்டு மதியத்தில் குளிர்ந்து ஓடியது!

சாமி மக்கள் புனிதமாகப் போற்றும் உகோன்சாரி என்ற பாறைத்தீவை எட்டத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட்டிருந்த ஒரு முதியவரிடம் நின்றோம். அவருடைய வண்டி மிகப் பழையது, பெல்ட்டால் சுழலும் விசிறியே எஞ்சினைக் குளிர்விக்கும் வகை. அதற்குக் கூலன்டும் வேண்டாம், பனியும் வேண்டாம். கனடாவில் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஸ்கீ-டூ ஸ்னோமொபைலின் எஞ்சினும் காற்றால் குளிர்ந்ததுதான். 1960களில் இப்படிப்பட்ட வண்டிகள் இனாரி இருக்கும் வடபகுதியான லாப்லாந்துக்கு வந்தபோது, சில ஆண்டுகளிலேயே கலைமான் பூட்டிய இழுவண்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதிக வேகமும் அதிக பலமும் கேட்ட பிறகுதான் கூலன்ட் வந்தது. மெதுவாகப் போய் மீன் பிடித்துத் திரும்புகிறவருக்கு அந்தப் பழைய விசிறி வண்டியே போதும் என்பது என் எண்ணமும். ஒரு குறை, அந்த விசிறியின் பெல்ட் அறுந்தால் எஞ்சின் வெகு சீக்கிரம் வெந்துவிடும். முதியவர் உபரி பெல்ட் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார்.

வசந்தத்தில் போகிறவர்கள் வண்டி வாங்கும்போதே அடியில் குனிந்து பாருங்கள். கீறும் கம்பி இரு பக்கமும் இருக்கிறதா? இறக்கிவிட்டுப் பின்னோக்கி ஓட்டலாமா என்று கேளுங்கள். பின்னால் தொங்கும் ரப்பர் மடல் கிழியாமல் இருக்கிறதா? அது இல்லையென்றால் பட்டை வீசும் பனி குழல்களில் படாமல் பின்னால் பறந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவு குறியீட்டுக்கு வந்திருக்க வேண்டும். குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் உறைநிலைக்குக் கீழே 37 டிகிரி வரை தாங்கும். தண்ணீர் கூடக்கூட அந்தத் தாங்குதிறன் போய்விடும், இரவில் உறைந்து குழாயைப் பிளக்கும். ஒரே வண்டியில் இருவர் போனால் சுமை கூடுகிறது, சூடும் கூடுகிறது. மண்வெட்டியை யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

மாலையில் வண்டியை ஒப்படைத்தபோது வழிகாட்டி எங்களுக்காக வாடகைக்காரர்களிடம் பேசினார். பணிமனையில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள். நழுவுபட்டையின் முன்வளைவில் ஒரு விரல் அகலத்துக்கு இளகி, மெழுகுபோல வழிந்து மறுபடி இறுகியிருந்தது. மறுநாள் எங்களுக்கு வேறு வண்டி தந்தார்கள். தம்பி ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்பே குனிந்து இரண்டு கம்பிகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இருக்கிறது அக்கா, ஏறு" என்றான்.