பத்தூமியில் ஒரு பட்டர்வொர்த் ஹார்னெட்

மலேசியாவின் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் ஹார்னெட் போர்விமானத்தின் உறுமலைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், டிசிஎஸ் வேர்ல்டு என்ற கணினி விமான விளையாட்டில் அதை ஓட்டத் தொடங்கியதும் நம் விமானப்படையின் வண்ணத்தைப் பூசிப் பார்க்க ஆசைப்பட்டேன். 1997இல் மலேசியாவுக்கு வந்து சேர்ந்த 8 விமானங்களும் இரட்டை இருக்கை கொண்ட எஃப்/ஏ-18டி ரகம். விளையாட்டில் கிடைப்பதோ ஒற்றை இருக்கை கொண்ட எஃப்/ஏ-18சி. ஆகவே என் வேலை ஆரம்பத்திலேயே கொஞ்சம் பொய்தான்.

அடர்சாம்பல் நிறம் ஒரே மாலையில் முடிந்தது. விமானப்படைச் சின்னமான, நீல வட்டத்துக்குள் இருக்கும் 14 முனை மஞ்சள் நட்சத்திரம்தான் மூன்று இரவுகளை விழுங்கியது. டிடிஎஸ் எனும் படக் கோப்பாகச் சேமித்து, விளையாட்டைத் திறந்து பார்த்தால், உடலெங்கும் புது வண்ணம் இருக்க, இடது இறக்கையில் மட்டும் அதைக் காணவில்லை. எந்தப் பகுதிக்கு எந்தப் படம் என்று விளையாட்டுக்குச் சொல்லும் டிஸ்க்ரிப்ஷன்.லுவா கோப்பை வரிவரியாகப் படித்த பிறகே, இறக்கைப் படத்தின் பெயரில் ஓர் எழுத்தை நானே விட்டிருந்தது தெரிந்தது.

பட்டர்வொர்த்தை ஒட்டிய பினாங்கு நீரிணைக்கு விளையாட்டில் வரைபடம் இல்லை. ஆகவே ஜார்ஜியா நாட்டின் பத்தூமியிலிருந்து கிளம்பிக் கருங்கடல்மேல் திரும்பியபோது, மாலை வெயில் அந்த நட்சத்திரத்தின்மேல் விழுந்தது. எதிரி விமானம் பின்னால் வந்ததைக் கவனிக்கவே இல்லை.