சாம்பல் புதன் முதல்

5 மார்ச் 2025, புதன்

இன்று தொடங்கி, உயிர்த்தெழுதலுக்கு முந்தின சனிக்கிழமைவரை எண்ணினால் 46 நாள். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால்தான் லெந்து காலத்தின் 40 உபவாச நாள். ஞாயிறு கர்த்தர் எழுந்த நாள், அன்று உபவாசம் கிடையாது. இந்தக் கணக்கு தெரியாமல் 46 நாளையும் ஒரே மூச்சில் இழுக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

லூக்கா 9:23. "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." அந்த "வெறுத்து" உறுத்துகிறது.

6 மார்ச், வியாழன்

நான் காத்திருக்கிற பதில் வரவில்லை.

7 மார்ச், வெள்ளி

உபவாசம் பழகாதவர்கள் முதல் நாளே 24 மணி நேரத்துக்குப் போகக் கூடாது. முதல் வாரம் ஒரு வேளையை மட்டும் விடலாம். அது சுமுகமாகப் போனால், அடுத்த வாரம் ஒரு நாள் ராச்சாப்பாடு முடித்து மறுநாள் ராச்சாப்பாடுவரை. நடுவில் இரண்டு வேளைதான் விடுபடும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. காப்பி, டீ பழக்கம் உள்ளவர்கள் நான்கைந்து நாளுக்கு முன்பே அதைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் மத்தியானம் வருகிற தலைவலியை ஆவிக்குரிய போராட்டம் என்று எண்ணிக்கொள்வார்கள். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், உணவோடு ஏற்கெனவே போராடி மீண்டவர்கள் சாப்பாட்டைத் தொடவே வேண்டாம், வேறொன்றை விடட்டும். தேவன் யாரையும் மயங்கி விழச் சொல்லவில்லை.

இதைவிட முக்கியம், விடுபட்ட அந்த வேளையை என்ன செய்வது என்பது. எந்த அதிகாரம் வாசிப்பது, யார் யாருக்காக ஜெபிப்பது என்பதை முந்தின ராத்திரியே தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த அரைமணி நேரத்தைக் கைப்பேசி தின்றுவிடும், மிஞ்சுவது வெறும் பட்டினி. மிச்சமான காசையும் அந்த வாரமே எண்ணி எடுத்து இல்லாதவர் கையில் சேர்த்துவிட வேண்டும். அடுத்த வாரம் என்று வைத்தால் கரைந்துபோகும். ஏசாயா 58:7 அதைத்தானே கேட்கிறது.

9 மார்ச், ஞாயிறு

அதே வசனம் வருகிற மாற்கு 8:34-ஐயும், பேதுரு இயேசுவை மறுதலித்ததைச் சொல்லும் மாற்கு 14:72-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரேக்கத்தில் இரண்டிலும் ஒரே வினைச்சொல். பழைய தமிழ் வேதாகமம் முதல் இடத்தில் "வெறுத்து" என்கிறது, பேதுருவின் காரியத்தில் "மறுதலிப்பாய்" என்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் "தன்னலம் துறந்து" என்கிறது. அந்த இரண்டு வசனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பது தமிழில் எங்கேயும் தெரியவில்லை.

பேதுரு முற்றத்தில் என்ன சொன்னான்? "அந்த மனுஷனை அறியேன்." உறவை அறுக்கிற பேச்சு. தன்னை மறுதலிப்பதும் அதே பேச்சுதான்: உள்ளே இருக்கிற "நான்" உரிமை கொண்டாடிக்கொண்டு வந்து நிற்கும்போது, உன் பேச்சு இங்கே செல்லாது என்று சொல்வது. இதில் தன்னை அருவருக்க இடமே இல்லை. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று நாள்முழுக்கப் புலம்புகிறவனும் நாள்முழுக்கத் தன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

லூக்கா 14:26-இல் வருகிற "வெறுத்தல்" வேறு சொல். அதைத் தனியாக எழுத வேண்டும்.

11 மார்ச், செவ்வாய்

சாயங்காலம் நான்கு மணிக்கு எரிச்சல் வரும். உபவாசம் கெட்டுப்போனதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது மூடிக் கிடந்தது மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அது யார்மேல் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒருவருடைய உபவாசத்துக்கு வீட்டிலுள்ளவர்கள் பயந்து பயந்து நடந்தால், விலை கொடுப்பது அவர்கள். ஏசாயா 58:4 சொல்லும் வழக்கும் வாதும் இதுதான்.

14 மார்ச், வெள்ளி

முகம் கழுவு, தலைக்கு எண்ணெய் பூசு. மத்தேயு 6:17. இன்று இது போதும்.

19 மார்ச், புதன்

எல்லாரும் பலியைப் பற்றிப் பேசுகிறார்கள், சாம்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லேவியராகமம் 6:10 முதல் 13. சர்வாங்க தகனபலி, அதாவது முழுவதும் எரிக்கிற பலி, ராமுழுதும் எரியும். காலையில் ஆசாரியன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை எடுத்துப் பலிபீடத்துப் பக்கத்தில் கொட்டுகிறான். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை உடுத்தி, பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். காலைதோறும் புதுக் கட்டை அடுக்குகிறான். அக்கினி அவியக் கூடாது.

நேற்றைய பலி உண்மையான பலிதான், அதனால்தான் அதன் சாம்பலுக்கும் சுத்தமான இடம். ஆனாலும் அது இன்றைக்கு எரியாது. பத்து வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் விட்டுவந்ததாகச் சாட்சி சொல்கிறவர்கள் அந்தச் சாம்பலையே கிளறிக்கொண்டிருந்தால், பீடத்தில் காற்றோட்டம் இல்லாமல் நெருப்பு மங்கும். "அநுதினமும்" என்ற சொல்லை மத்தேயுவும் மாற்கும் எழுதவில்லை, லூக்கா மட்டும் எழுதுகிறார். அந்த ஒரு சொல்லுக்காக லூக்காவுக்கு நன்றி.

20 மார்ச், வியாழன்

பதில் இல்லை. கட்டை அடுக்கியாயிற்று.

24 மார்ச், திங்கள்

அனனியா, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொண்டுவந்தவன். ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவன் சாகவில்லை. அப்போஸ்தலர் 5:4-இல் பேதுரு தெளிவாகச் சொல்கிறார்: விற்கும் முன் நிலம் உன்னுடையது, விற்ற பிறகு பணமும் உன் வசத்தில்தான் இருந்தது. ஒரு பங்கைக் கொடுத்து ஒரு பங்கு என்றே சொல்லியிருந்தால் அது நேர்மையான காணிக்கை. ஒரு பங்கைக் கொடுத்து முழுமை என்று காட்டினான். இதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியில்தான் பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்.

ஆகவே "முழுவதும் தருகிறேன்" என்று பாடுவதற்கு முன் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது நல்லது. பணம், நேரம், வேலை, திருமணம், பிள்ளைகளின் எதிர்காலம், நற்பெயர், இடம் மாறுதல். எந்தத் தலைப்பில் பேனா தயங்குகிறதோ அங்கே "இது இன்னும் என் கையில் இருக்கிறது" என்று எழுத வேண்டும். பொருத்தனையாக, அதாவது தேவனுக்குக் கொடுக்கும் வாக்காக, எழுதக் கூடாது. பிரசங்கி 5:5, செய்யாமற்போவதைவிடப் பொருத்தனை பண்ணாதிருப்பதே நலம்.

நற்பெயர் என்கிற தலைப்பில் பேனா நின்றேவிட்டது.

29 மார்ச், சனி

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வசனம் "தன் சிலுவையை" என்கிறது. எடுக்கிறவன் எடுப்பது. அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள், அதுவே உன் சிலுவை என்று ஒரு பெண்ணுக்குச் சொல்ல இந்த வசனத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. சம்பளம் கொடுக்காமல் ஊழியக்காரனை வேலை வாங்கிவிட்டு அதற்கு அர்ப்பணிப்பு என்று பேர் வைக்கவும் இல்லை. மாற்கு 7:11-இல் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குரியதைத் தேவனுக்குக் கொடுத்தவனை இயேசு மெச்சவில்லை. களத்தையும் மாடுகளையும் சும்மா தர வந்த அர்வனாவிடம் தாவீது 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தான்: இலவசமாய் வாங்கிப் பலி செலுத்தமாட்டேன். யாருடைய பையிலிருந்து போகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

2 ஏப்ரல், புதன்

தவறாகக் குற்றம் சாட்டப்படும்போது வாயில் எழும்புகிற அந்த விளக்க வாக்கியம். அதில் சத்தியமோ இன்னொருவருடைய நலனோ அடங்கியிருந்தால் சொல்லியே ஆகவேண்டும். என் பெயர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். சாப்பாட்டை விடுவதைவிட இது கடினம்.

6 ஏப்ரல், ஞாயிறு

காலேப். மோசே அனுப்பிக் கானானை வேவு பார்க்கப் போனபோது வயது 40, மலைநாட்டைக் கேட்டபோது 85. கர்த்தரை "உத்தமமாய்ப் பின்பற்றினேன்" என்கிறான். எபிரெயத்தில் அது நிரப்புதல் என்கிற சொல்: பின்னே போவதில் இடைவெளி விடாமல் நிரப்பினவன். அந்த 45 வருஷத்தில் அவன் செய்தது பெரும்பாலும் நடப்பதும் காத்திருப்பதும், அதுவும் மற்றவர்களுடைய அவிசுவாசத்தினால். வேதம் அதையும் பின்பற்றுதல் என்றே எண்ணுகிறது. மூன்று தரம் வாசித்தேன்.

10 ஏப்ரல், வியாழன்

யூதாவின் ராஜா அமத்சியா செம்மையானதைச் செய்தான், "ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை." கூலிக்கு அமர்த்தின படையை அனுப்பிவிடு என்று தேவமனுஷன் சொன்னபோது, அதற்குக் கொடுத்துவிட்ட நூறு தாலந்து வெள்ளி என்னாவது என்று கேட்டான். கீழ்ப்படிந்துகொண்டே நஷ்டக் கணக்குப் பார்த்தான். அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

16 ஏப்ரல், புதன்

நாளை பெரிய வியாழன். மத்தேயு 26:36 முதல் 46 வரை, சத்தமாக. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று முதலில் கேட்கிறார். தம் விருப்பத்தை மறைக்கவில்லை. மூன்று தரமும் கேட்டார். அப்படியானால் பதிலுக்காக ஏங்குவதையும் மறைக்க வேண்டியதில்லை, கேட்டுவிட்டு

தொலைபேசி.