பம்ப் கடைக் குறிப்புகள்: ப்ரோஸ்பர் லோரான்ஜ்

2025 மார்ச் 2, ஞாயிறு

ருடால்ஃப் டீசலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1897இல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த சோதனை, 1913இல் ஓடும் கப்பலிலிருந்து காணாமல் போனது, எல்லாம் தெரிந்த கதை. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் பம்ப்பும், அதைப் பீய்ச்சும் நாசிலும் பார்த்துப் பிழைக்கிற எனக்குப் பிடித்துப்போனவர் வேறொரு ஜெர்மன்காரர்: ப்ரோஸ்பர் லோரான்ஜ்.

1876 பிப்ரவரி 1 அன்று பெய்ரூத்தில் பிறந்தவர். அப்போது அது ஆட்டோமன் பேரரசின் ஊர். பெயர் பிரெஞ்சு மாதிரி இருக்கும், பிறந்த ஊர் அரபு ஊர், ஆள் ஜெர்மன்காரர். கொலோனில் உள்ள டாய்ட்ஸ் எஞ்சின் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, 1908இல் மன்ஹைமில் இருந்த பென்ஸ் கம்பெனிக்கு மாறினார். அடுத்த வருடமே, 1909 மார்ச் 14 தேதியிட்டு, முன்னறை எஞ்சினுக்கான (சிலிண்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் எண்ணெய் பற்றிக்கொள்ளும் எஞ்சின்) காப்புரிமை. எண் 230517.

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டம். சாயங்காலம் பையன் கேட்டான்: "அண்ணா, அந்தக் காலத்துல டீசலுக்குப் பம்ப்பே இல்லைங்களா?"

பம்ப் இருந்தது. ஆனால் எண்ணெயைச் சிலிண்டருக்குள் பீய்ச்சி அடித்தது பம்ப் இல்லை, காற்று. அறுபது எழுபது பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றி, அதன் வேகத்தில்தான் எண்ணெயைத் தூளாக்கி உள்ளே அனுப்பினார்கள். அதற்கென்றே பல கட்டமாக அழுத்தும் ஒரு கம்ப்ரசர் எஞ்சினோடு சேர்ந்தே ஓடும். எஞ்சின் கொடுக்கிற சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். தொழிற்சாலைத் தரையிலோ கப்பலிலோ இது ஒரு பிரச்சினை இல்லை. லாரி சேஸியில் அத்தனை பாரத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? வண்டிக்குத் தகுந்தபடி வேகமாகச் சுற்றவும் அது விடாது.

லோரான்ஜ் செய்தது இவ்வளவுதான். சிலிண்டர் ஹெட்டில் சின்னதாக ஓர் அறை வைத்தார், அதுதான் முன்னறை. அறைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் குறுகலான வழி. எண்ணெயைப் பம்ப் தரும் அழுத்தத்திலேயே அந்த அறைக்குள் விட்டால் போதும். அதில் கொஞ்சம் அங்கேயே பற்றிக்கொள்ளும். அதனால் ஏறுகிற அழுத்தம் மீதி எண்ணெயை அந்தக் குறுகிய வழியாக ஊதித் தள்ளும். கம்ப்ரசர் செய்த வேலையை எரிகிற எண்ணெயே செய்துவிடுகிறது! பையனுக்குச் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். புரிந்ததா தெரியவில்லை, தலையாட்டினான்.

மார்ச் 9, ஞாயிறு

காப்புரிமை 1909. அந்த எஞ்சினோடு லாரி ஓடியது 1923. நடுவில் பதினான்கு வருடம். யோசனை காகிதத்தில் வந்துவிட்டது, ஆனால் சின்ன எஞ்சினில் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப, துளித் துளியாக, அளவு மாறாமல் எண்ணெய் விட நம்பகமான கருவி வேண்டுமே. நடுவில் ஒரு உலகப் போரும் வந்தது. 1919இல் புனல் வடிவ முன்னறை, அப்புறம் ஊசி நாசில், 1921இல் அளவை மாற்றக்கூடிய பம்ப் என்று ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தார். 1909 காப்புரிமையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு 1921தான் பெரிதாகப் படுகிறது. பம்ப் கடைக்காரன் வேறென்ன சொல்வான்!

1922இல் பென்ஸ் தன் நிலை எஞ்சின் (ஒரே இடத்தில் நின்று ஓடும் எஞ்சின்) பிரிவைத் தனியாகப் பிரித்தது. அதுதான் மோட்டோரன் வெர்கெ மன்ஹைம். லோரான்ஜ் அதற்கு இயக்குநராகப் போனார். லாரி எஞ்சின் வேலை பென்ஸிலேயே தொடர்ந்தது. அந்த எஞ்சினுக்கு ஓபி 2 என்று பெயர். நான்கு சிலிண்டர், 8.8 லிட்டர், நிமிடத்துக்கு 1000 சுற்றில் 45 குதிரைத்திறன், பிறகு 50. இன்றைக்கு 8.8 லிட்டருக்கு 45 என்றால் சிரிப்பார்கள். 1923 செப்டம்பர் 10 அன்று 5 டன் லாரியில் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் எஞ்சினைவிட எண்ணெய்ச் செலவு கால்வாசி குறைந்தது.

அதே சமயத்தில் டைம்லர் கம்பெனியும் பெர்லினில் ஒரு டீசல் லாரி செய்தது, ஆனால் பழைய காற்று ஊதும் முறையிலேயே. 1926இல் இரண்டு கம்பெனியும் ஒன்றானபோது நிலைத்தது மன்ஹைமின் முன்னறை முறைதான்.

மார்ச் 15, சனி

பழைய டிரைவர் ஒருவர் வந்திருந்தார். சங்ககிரியில் அந்தக் காலத்து லாரிக்காரர்கள் நிறைய பேர் இன்னும் இருக்கிறார்கள். லோரான்ஜ் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேட்டதில்லை. ஆனால், "பென்ஸ் வண்டியா? காலைல ஹீட்டர் போட்டுட்டு நின்னாத்தான் தம்பி ஸ்டார்ட் ஆகும்" என்றார்.

அதேதான். 1954இல் டாட்டாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியபோது வந்தது ஓஎம் 312, முன்னறை எஞ்சின். முன்னறையின் சுவர்ப்பரப்பு அதிகம். குளிர்ந்த இரும்பு காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் காலையில் ஹீட்டர் பிளக் இல்லாமல் பற்றாது. ஓடும்போதும் அந்தச் சூடு தண்ணீருக்குத்தான் போகிறது, பிஸ்டனுக்கு இல்லை. குறுகிய வழியில் காற்றை உள்ளே தள்ளுவதற்கும் சக்தி போகும். நேரடியாகச் சிலிண்டரில் பீய்ச்சும் எஞ்சின் இதைவிடக் குறைவாகக் குடிக்கும் என்பது இதனால்தான். எம்.ஏ.என். கம்பெனி 1924லேயே அப்படியொரு லாரியைக் காட்டிவிட்டது.

அப்படியானால் லோரான்ஜ் தப்பான வழியில் போனாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்துப் பம்ப்பால் என்ன முடியுமோ, அதற்குத் தகுந்த எஞ்சினை அவர் செய்தார். நூறு பார் அளவு அழுத்தத்திலேயே வேலை முடிந்தது, சத்தமும் குறைவு. பாஷ் கம்பெனி 1927இல் பம்ப்பை வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு முன்னறைக்கு இன்னும் வசதி. 1936இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த மெர்சிடிஸ் 260 டி காரில் இருந்ததும் அதே முன்னறைதான். 2.6 லிட்டர், 45 குதிரைத்திறன், டாக்ஸிக்காரர்களின் செல்லம். அதே 45 என்பதைக் கவனியுங்கள், கொள்ளளவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மார்ச் 16, ஞாயிறு

260 டி வந்ததைப் பார்த்துவிட்டு, 1939 ஜூலை 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் லோரான்ஜ் இறந்துபோனார். மகன் ருடால்ஃப் 1933லேயே அந்த ஊரில் இன்ஜெக்‌ஷன் கருவிகளுக்கான கம்பெனியைத் தொடங்கியிருந்தார். பெரிய எஞ்சின்களுக்கு நாசில் செய்யும் அந்தக் கம்பெனி 2018இல் அமெரிக்காவின் வுட்வர்ட் கைக்குப் போனது, குடும்பப் பெயர் மட்டும் பலகையில் தொடர்ந்தது.

முன்னறையை முடித்துவைத்தது காமன் ரெயில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் எண்ணெய் தரும் முறை. 1997இல் மெர்சிடிஸும் காரில் அதற்கு மாறியது. பம்ப் ஆயிரம் பாரைத் தாண்டிய பிறகு, எண்ணெயைத் தூளாக்க ஒரு தனி அறை எதற்கு? என் டெஸ்ட் பெஞ்சில் இப்போது ஏறுவதெல்லாம் அந்த வகைதான்.

அடுத்து எம்.ஏ.என். லாரியைப் படிக்கலாமென்றிருக்கிறேன். 1924லேயே நேரடி இன்ஜெக்‌ஷனில் எப்படிச் சமாளித்தார்கள், நாசிலில் துளை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.