லைட்டா, டார்க்கா?

உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில், ஏழாவது தெருவில் இருக்கும் மெக்சோர்லிஸ் ஓல்டு ஏல் ஹவுஸ் என்ற பழைய ஐரிஷ் பப்பில் பியர் என்றால் இரண்டே வகை. ஒன்று கேட்டாலும் இரண்டு சின்னக் குவளைகளாகத்தான் வரும். கணவர் லைட் என்றார், நான் டார்க் என்றேன். நான்கு குவளைகளையும் பரிமாறுகிறவர் டக்கென்று மேசையில் இறக்க, பாதி நுரை மரப்பலகையில் வழிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தரை முழுக்க மரத்தூள்தான், எவ்வளவு சிந்தினாலும் குடித்துக்கொள்ளும்.

கடை 1854-ல் தொடங்கியது என்கிறது பலகை. இல்லை, சில வருஷம் தள்ளித்தான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எதுவானாலும் நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. இந்தக் கடைக்குள் 1970 வரை பெண்களுக்கு இடமில்லை. 'நல்ல ஏல் (பியரில் ஒரு வகை), பச்சை வெங்காயம், பெண்கள் கிடையாது' என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் 1939-லிருந்து கடையின் சொந்தக்காரரே ஒரு பெண்தான், டாரத்தி கிர்வன். அப்பாவிடமிருந்து கடை வந்த பிறகும், வியாபார நேரத்தில் அவர் உள்ளே வந்ததில்லை. கடைசியில் பெண்கள் வழக்குப் போட்டார்கள், நகரமும் சட்டம் கொண்டுவந்தது, கதவு திறந்தது. பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை வர இன்னும் பதினாறு வருஷம் ஆனது. அந்தக் கழிப்பறையையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாப்பிட சீஸ் தட்டு சொன்னோம். செடார் சீஸ் துண்டுகள், உப்பு பிஸ்கட் ஒரு அடுக்கு, வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம். மேசையிலேயே ஒரு குவளையில் கடுகு விழுது. பச்சை வெங்காயம் கடிப்பது எனக்குப் புதிதில்லை. அந்தக் கடுகுதான் மூக்கின் உச்சிக்கு ஏறி, கண்ணில் தண்ணீர் வரவைத்தது. “மெதுவா, மெதுவா” என்ற கணவர், அடுத்த நிமிஷம் தானும் தும்மினார்.

பாருக்கு மேலே தொங்கும் விளக்கில் வான்கோழியின் கவைஎலும்புகள் (விஷ்போன் என்கிற கவட்டை வடிவ நெஞ்செலும்பு) வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதல் உலகப் போருக்குக் கிளம்பிய பையன்கள் மாட்டிவிட்டுப் போனவை என்பார்கள். திரும்பி வந்தவன் தன்னுடையதை எடுத்துக்கொள்வான். எடுக்க ஆள் வராதவை அங்கேயே நின்றுவிட்டன. பல வருஷத்துத் தூசி அதில் திரித்திரியாகத் தொங்கியதாம். 2011-ல் சுகாதாரத் துறை சொல்லித்தான் துடைத்தார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அன்று ராத்திரி வேறொரு ஐரிஷ் பப். நான் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. ஷெப்பர்ட்ஸ் பை என்றால் ஆட்டிடையன் பை, ஆட்டுக்கறிதானே என்று நம்பிக் கேட்டேன். மேலே மசித்த உருளைக்கிழங்கு பொன்னிறமாக முறுகி வந்தது. முதல் கரண்டியிலேயே சந்தேகம். விசாரித்தால், கொத்திய மாட்டுக்கறி. அதற்குக் காட்டேஜ் பை என்று தனியாகப் பெயரே இருக்கிறது ஐயா! தட்டு கணவர் பக்கம் நகர்ந்தது. எனக்கு சோடா ரொட்டியும் வெண்ணெயும். ஈஸ்ட் இல்லாமல், மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுடுவது. வெளியே மொறுமொறு, உள்ளே லேசான புளிப்பு. நஷ்டமில்லை.

கணவர் ஏற்கெனவே கார்ன்ட் பீஃப் என்கிற உப்பிட்ட மாட்டுக்கறியும் முட்டைக்கோஸும் சொல்லியிருந்தார். பாரில் ஊற்றிக்கொடுப்பவர் கின்னஸ் என்ற கறுப்பு பியரை முக்கால் கிளாஸ் ஊற்றி, அது அடங்கக் காத்திருந்த நேரத்தில் சிரித்தார். “நான் அயர்லாந்துல மேயோ மாவட்டத்துக்காரன். எங்க வீட்டுல ஒருநாளும் இதைச் செஞ்சதில்லை. அங்கே பன்றிக்கறிதான்.” அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டுக்கறி கப்பல் கப்பலாக வெளியே போன காலத்தில், அங்கிருந்த ஏழைகளுக்கு அது எட்டாத பண்டம். பஞ்சம் பிழைக்க நியூயார்க் வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்து யூதக் கறிக்கடைகளில் மாட்டின் நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. பன்றி இருந்த இடத்தில் மாடு வந்து உட்கார்ந்துகொண்டது. ஐரிஷ் சாப்பாடு என்று நாம் தேடிப் போவதில் பாதி இந்த ஊரில் பிறந்ததுதான்.

“எங்க ஊர் வீடு ஒண்ணு இங்கேயே இருக்கு, போய்ப் பாருங்க” என்றார் அவர்.

மறுநாள் காலை போனோம். மன்ஹாட்டன் தென்கோடியில், ஹட்சன் ஆற்றங்கரையில் அரை ஏக்கரில் ஐரிஷ் பஞ்ச நினைவிடம், 2002-ல் திறந்தது. மேயோவிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டிய குடிசைக்குக் கூரை இல்லை. 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, அடுத்த சில வருஷங்களில் பத்து லட்சம் பேர் போலச் செத்தார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது என்று 1847-ல் பிரிட்டிஷ் அரசு சட்டமும் போட்டது.

சரிவில் அயர்லாந்தின் 32 மாவட்டங்களின் கற்கள், ஒவ்வொன்றிலும் அதன் பெயர். மேயோவைத் தேடிக்கொண்டு ஏறினேன். பாதையோரம் உருளைக்கிழங்குப் பாத்திகள் வரிசையாக மேடும் பள்ளமுமாக இருந்தன. கிழங்குச் செடி ஒன்றுகூட இல்லை. புல் முளைத்திருந்தது.