கோலமாவில் வரைந்த ஊர்

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக மக்களின் தேவைகளைக் கேட்டுத் தொகுக்கும் ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு முதல்முறையாக வந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை வைக்க வேண்டும். சுமார் 2,000 பேர் உள்ள ஊராட்சி என்பதால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். ஆள் சேர்ப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் மே 1 கூட்டத்திலேயே நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பேசியது முன்வரிசை நாற்காலிகளில் இருந்த ஏழெட்டு ஆண்கள் மட்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால் அக்டோபர் சபைக்கு ஒரு வாரம் முன்பே காலனிக்குப் போனேன். பகலில் யாரும் இல்லை. இரவு ஏழு மணிக்கு மறுபடி போனேன். "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். "நீங்களே எழுதிக்குங்க தம்பி" என்றார் ஓர் அக்கா. தெருவிளக்கு என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கோலமாவைக் கொடுத்து, ஊரை வரையச் சொன்னேன். சரசரவென்று தொட்டி, குழாய், தெருக்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை குடம் தண்ணீர் என்று புளியங்கொட்டை வைத்தார்கள். மேலத்தெருவில் ஒரு கைப்பிடி. குழாயின் கடைசியில் இருக்கும் காலனியில் மூன்றே கொட்டை. நான் எழுதியிருந்த 'தெருவிளக்கு' என்பதை அடித்துவிட்டேன்.

சபையன்று நாற்காலிகளை எடுத்துவிட்டு, ஜமக்காளத்தை வட்டமாக விரிக்கச் சொன்னேன். "அவங்க சார்பா நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார் ஒருவர். சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அது என் பேச்சாக ஆகிவிடும். படத்தைப் பார்த்து எழுதிய சார்ட்டை அந்த அக்காவிடமே கொடுத்தேன். இடையில் ஒருவர் குறுக்கிட்டபோது, "அண்ணே, அக்கா முடிக்கட்டும், அடுத்து நீங்கதான்" என்றேன். அப்புறம் அவருக்கும் நேரம் கொடுத்தேன். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.

ஊராட்சிச் செயலர் 'குடிநீர் வசதி மேம்படுத்துதல்' என்று தீர்மானம் எழுதினார். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "அது இல்ல சார், தொட்டியிலேருந்து காலனிக்குத் தனி லைன்னு எழுதுங்க" என்றார் அக்கா. செயலர் பழையதை அடித்துவிட்டு அக்கா சொன்னபடியே எழுதினார். அதை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.