ஆரல்வாய்மொழியில் மட்டும் சூடேறிய லாரி

என்ஜின் மாற்றிய லாரி வெயிலில் சூடேறினால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு "ரேடியேட்டர் போதாது" என்பதுதான். பல வண்டிகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் புது ரேடியேட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்தப் பாரத்தோடு, எந்தச் சாலையில், எந்தத் திசையில் போகும்போது வெப்ப மீட்டரின் முள் ஏறுகிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது மிகவும் பயனுள்ளது என்பதை எங்கள் டாடா 407-ஐக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் தடி ஏற்றி வள்ளியூர், திருநெல்வேலி வரை போகும் வண்டி அது. டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய என்ஜின் தேய்ந்துவிட்டதால், டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள என்ஜினைப் பொருத்தினோம். (என்ஜின் எண் மாறினால் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும்; இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர் இருப்பதால் சொல்கிறேன்.) டர்போ என்ஜின் கூடுதல் டீசலை எரித்துத்தான் கூடுதல் இழுவை தருகிறது. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள் இறங்குவதால், பழைய என்ஜினுக்குப் போதுமாக இருந்த குளிர்விப்பு இதற்குத் தடுமாறுவது இயல்பு. போதாக்குறைக்கு, இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, தான் சூடாக்கிய காற்றையே அதற்கு அனுப்புகிறது.

ஆனாலும் நாகர்கோவில் நெரிசலில் முள் நகரவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரும்போதுதான் ஏறியது. தக்கலையில் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் பட்டறை அண்ணாச்சி, "எப்ப சூடாவுதுண்ணு சொல்லு மக்கா, எத மாத்தணும்ணு பொறவு பாப்போம்" என்றார். அந்தக் கேள்விதான் காற்றின் பக்கம் எங்களைத் திருப்பியது.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. அங்கே காற்றாலைகள் அத்தனை நிற்பதற்கும் அதுவே காரணம். மலைக்கு இப்புறம் சாரல் அடிக்கும் நாளிலும் அப்புறம் வெயில் கொளுத்தும். பாரத்தோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகும் லாரிக்குப் பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசினால், ரேடியேட்டரைப் பொறுத்தவரை வண்டி நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். முழுப் பாரத்தின் வெப்பத்தையும் விசிறி ஒன்றே இழுத்து வெளியேற்ற வேண்டும். நகர நெரிசலில் என்ஜினுக்கு வேலை குறைவு என்பதால் அங்கே குறை வெளிப்படவில்லை. திரும்பும்போது வண்டி பெரும்பாலும் காலியாக இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் பாரம் ஏற்றித் திரும்பிய நாளிலும், எதிர்க்காற்றில் முள் அசையவில்லை.

அதன்பின் அளந்து பார்த்தோம். பழைய வண்டியின் மீட்டரும் புதிய என்ஜினின் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் முள் பொய் சொல்லும் என்பதால், அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்தினோம். பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும். ரப்பர் ஹோஸின் மேல் பிடிப்பதே நல்லது. பாரத்தோடு ஓடி, சூடேறி ஒதுக்கிய உடனே, ரேடியேட்டருக்குள் சூடான தண்ணீர் வரும் மேல் ஹோஸையும், ஆறிய தண்ணீர் வெளியேறும் கீழ் ஹோஸையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் குறைவாகவும் இரண்டுமே கடும் சூடாகவும் இருந்தால், ரேடியேட்டரிலிருந்து வெப்பம் வெளியேறவில்லை. எங்களுடையது இரண்டாவது வகை.

பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை, என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரின் முன்புறம் வைத்துப் பார்த்தார் அண்ணாச்சி. விசிறிக்கு நேரான நடுப்பகுதியில் தாள் ஒட்டிக்கொண்டது. நான்கு மூலைகளிலும் படபடத்து நழுவியது. காரணம் பின்னால் பார்த்ததும் தெரிந்தது. புதிய என்ஜின் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்ததால், விசிறி ரேடியேட்டரிலிருந்து விலகி, காற்று ரேடியேட்டர் முழுவதும் வழியாக வருவதற்காக விசிறியைச் சுற்றி இருக்கும் கூட்டுக்கு முற்றிலும் வெளியே சுழன்றுகொண்டிருந்தது. அது இழுத்த காற்றில் பெரும்பகுதி என்ஜின் பக்கத்துச் சூடான காற்றுதான்.

கோட்டாறில் தகரத்தில் புதுக் கூடு செய்து, விசிறி இறக்கையின் பாதி அகலம் உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும்படி பொருத்தினோம். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் இடையிலிருந்த இடைவெளிகளை ரப்பர் ஷீட்டால் அடைத்தோம், ஏனென்றால் சூடான காற்று அந்த வழியாகச் சுற்றி மறுபடியும் முன்னுக்கு வந்துவிடும்.

இடையில் வேறு சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார்கள். நம் ஊரில் இது பழகிப்போன ஆலோசனை; நான் இதை ஏற்கவில்லை. பல என்ஜின்களில் சூடானதும் தெர்மோஸ்டாட்டின் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது பின்காற்றிலும் முழுப் பாரத்திலும் முப்பந்தலைத் தாண்டிவிடுகிறோம். முள் சற்று ஏறி நின்றுவிடுகிறது. இன்டர்கூலரின் இடுக்குகளில் படியும் தூசியையும் பூச்சிகளையும் பின்புறமிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்வதை மட்டும் தவறாமல் செய்துவருகிறோம்.